பயிற்சிக் கண்ணாடி

செப்டம்பர் 4, திங்கள்

இந்த டைரி நான் வேலை பார்த்த அச்சகத்தில் கழித்துப் போட்டது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். சிவகாசியில் இப்படி ஒரு டைரி இல்லாத வீடு கிடையாது. எழுதுகிற ஆள்தான் கிடையாது. எனக்கும் அந்தப் பழக்கம் இல்லை. பிசியோதெரபிக்கு வருகிற ரெபேக்கா சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் எத்தனை நிமிஷம் பயிற்சி செஞ்சாங்க, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு குறிச்சு வைங்க சார். நான் வரும்போது வாசிச்சுக் காட்டுனாப் போதும்" என்றது அந்தப் பெண்.

தங்கபுஷ்பம், வயது ஐம்பத்தாறு, என் மனைவி. ஜூலை பத்தொன்பதாம் தேதி பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கால் தேறிவிட்டது, சுவரைப் பிடித்து நடக்கிறாள். கை அப்படியே தொங்குகிறது. நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்ல அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருக்கிறது. "இந்தா." தண்ணீர் வேண்டும் என்றாலும் இந்தா, வேண்டாம் என்றாலும் இந்தா.

காலை பதினைந்து நிமிடம். மாலை பத்து. சொல்: இந்தா.

செப்டம்பர் 5, செவ்வாய்

காலை இருபது. மாலை பத்து. சொல்: இந்தா. சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். அதற்கும் இந்தா.

செப்டம்பர் 7, வியாழன்

ரெபேக்கா இன்று புதிதாக ஒன்று சொன்னது. மேசை மேல் ஒரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். வராத கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை முன்னால் அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வராத கைதான் அசைகிற மாதிரித் தெரியும். மூளை அதை நம்பி அந்தக் கைக்கும் உத்தரவு போட ஆரம்பிக்குமாம்.

"மூளையை ஏமாத்துறதா?" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சார். வீட்டுல கண்ணாடி இருக்கா?"

கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தது. இந்த வீட்டில் கண்ணாடிக்கு என்ன பஞ்சம்? தங்கபுஷ்பத்துக்கு இதுதான் இருபது வருட வேலை. காலண்டர் வெட்டும்போது விழுகிற ஓரத் துண்டு, தீப்பெட்டி லேபிள், தங்க ஜரிகைத் தாள், உடைந்த வளையல், சணல், சுருட்டிய காகிதப் பூ என்று கண்டதையும் ஒட்டிக் கண்ணாடியைச் சுற்றி ஒரு சட்டம் செய்துவிடுவாள். யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் அவள் கண்ணாடி ஒன்று போகும். நான் சவரம் செய்கிற கண்ணாடியில்கூட இரண்டு காகிதக் கிளிகள் உட்கார்ந்திருக்கின்றன.

"இது எதுவும் ஆகாது சார். அலங்காரம் இருந்தா கண்ணு அங்க போயிடும். வெறும் கண்ணாடி வேணும்" என்றது ரெபேக்கா.

வெறும் கண்ணாடி இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அளவாக இருந்த ஒன்றை எடுத்து, சட்டத்தைக் கத்தியால் நெம்பப் போனேன். தங்கபுஷ்பம் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி. "இந்தா" என்றாள். அந்த இந்தாவுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

பட்டாசுப் பெட்டி ஒன்றை அறுத்து, கண்ணாடியை ஒரு பக்கம் பொருத்தி, கையை உள்ளே விட வழி வைத்தேன். அளவு சொல்லி வைத்த மாதிரி இருந்தது. கட்டிங் மிஷினில் முப்பத்துநாலு வருடம் நின்றவன். எனக்குக் கை பிசகாது.

அவள் கையை உள்ளே விட மாட்டேன் என்கிறாள். பெட்டியை இடது கையால் மெதுவாகத் தள்ளி மேசை விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துகிறாள். நான் திரும்ப இழுத்து வைக்கிறேன். அரை மணி நேரம் இதே வேலை. இதைப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று ரெபேக்காவிடம் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மாரீஸ்வரி போன் செய்தாள். எங்கள் ஒரே மகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அங்கேயும் எல்லாவற்றையும் துருவிப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறாள், இங்கேயும் அதே.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மாமனாருக்கு இதேதான் வந்துச்சாம்பா. சீக்கிரம் போனதால ஒரு ஊசி போட்டுக் காப்பாத்திட்டாங்களாம். அம்மாவுக்கு ஏன் போடல?"

"எல்லாருக்கும் அது ஒத்துக்காதுன்னாங்க."

"எத்தனை மணிக்குப்பா ஆச்சு அம்மாவுக்கு?"

"எத்தனை தடவை கேப்ப? மத்தியானம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தங்கபுஷ்பம் பக்கத்தில்தான் இருந்தாள். நான் வீட்டுக்குள் வந்தேன், அவளைப் பார்த்தேன், ஆட்டோவைக் கூப்பிட்டேன். இதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

காலை பத்து. மாலை இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

ரெபேக்கா வந்து பெட்டியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "அழகா இல்லைன்னு கோச்சுக்கிறாங்க சார். கண்ணாடி தெரியுற பக்கம் மட்டும் சும்மா விட்டுட்டு மத்த பக்கமெல்லாம் அவங்க இஷ்டப்படி ஒட்டட்டும். அதுவும் கைக்கு வேலைதானே."

"ஒத்தைக் கையில எப்படி ஒட்டுவா?"

"இன்னொரு கை உங்ககிட்ட இருக்கே."

தங்கபுஷ்பம் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அவள் முகம் இப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

செப்டம்பர் 16, சனி

துண்டுக் காகிதம் வேண்டும் என்று அச்சகத்துக்குப் போனேன். இப்போது காலண்டர் ஓட்டம், கட்டிங் பக்கம் முழங்கால் அளவுக்குத் துண்டு கிடக்கிறது. "என்ன தெய்வேந்திரண்ணே, வீட்டுல அம்புட்டு மூட்டை இருக்குமே?" என்றான் இப்போது என் மிஷினில் நிற்கிற சங்கிலி. குனிந்து பொறுக்கினேன். சாமி முகம் உள்ள துண்டை விட்டுவிட்டேன். அவள் சாமி முகத்தில் பசை தடவ மாட்டாள்.

மூட்டை இருந்தது. இரண்டு பெரிய சாக்கு. நிறம் வாரியாக, பல வருடம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தது. ஜூலை பதினெட்டாம் தேதி பழைய பேப்பர்காரர் தெருவில் வந்தபோது நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கட்டிலுக்கு அடியில் குப்பை, கரப்பான் வருகிறது என்று. நான் வாழ்நாள் எல்லாம் வெட்டித் தள்ளிய கழிவு, அதைப் போய் யார் புதையல் என்று நினைப்பார்கள்? அவள் கோவிலுக்குப் போய்விட்டு வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கத்தவில்லை. "கேட்டுட்டாவது குடுத்திருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். நான்தான் கத்தினேன்.

அதன்பிறகு வழக்கம்போல் பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் ஐந்து நிமிடம், மௌனம் ஐந்து நாள். முப்பத்தொரு வருடமாக இதுதான் நடைமுறை. அவளுடைய சாதனை பதினோரு நாள், மாரீஸ்வரி பத்தாம் வகுப்பு படிக்கும்போது. யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். நான் அதிகம் தோற்றதில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

வேலை ஆரம்பித்துவிட்டது. முதலில் பழைய செய்தித்தாளைப் பசையில் தோய்த்து அட்டை முழுக்க ஒட்ட வேண்டும். அது காய்ந்த பிறகுதான் நிறக் காகிதம். ஒரு நாளைக்கு ஒரு அடுக்குக்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று கொப்புளம் போடும். இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னதில்லை. நான் இரண்டு அடுக்கை ஒன்றாக ஒட்டி, கொப்புளம் போட்டு, அவள் அதை விரலால் குத்திக் காட்டியபோது தெரிந்துகொண்டது.

நிறக் காகிதத்தை அளவெடுத்து வெட்டிக் கொடுத்தேன். நாலு பக்கமும் நேர்க்கோடு. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே போட்டாள். அவளுக்குக் கிழித்த காகிதம்தான் வேண்டும். முன்பும் அப்படித்தான், "வெட்டுனா ஓரம் மொட்டையா நிக்கும், கிழிச்சாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும்" என்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு ரீம் தாளைத் திருப்பி அனுப்பிய என்னைப் போய்க் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னால்?

செப்டம்பர் 20, புதன்

கிழித்தேன்.

செப்டம்பர் 27, புதன்

நான் கிழிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. என் கிழிசலும் நேராகவே வருகிறது. இன்று அவளே இடது கையால் தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் முன்னால் நீட்டினாள். நான் என் வலது கையால் பிடித்தேன். அவள் தன் பக்கம் இழுத்தாள். ஓரம் இறகு இறகாகப் பிரிந்து வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளையும் அப்படியே கிழித்தோம். நான் பலமாக இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். அவள் இழுக்கும்வரை நான் பேசாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. முப்பது தாள் இருக்கும். எண்ணும்போது அவளும் கூடவே எண்ணினாள். "மூணு, நாலு, அஞ்சு" என்று தெளிவாக வந்தது. எண்களைத் தனியாகச் சொல்லச் சொன்னால் இந்தா.

எண்ணுவது பாட்டு மாதிரி தானாக வருவது, அதுவும் நல்ல அறிகுறிதான் என்று ரெபேக்கா போனில் சொன்னது.

காலை நாற்பது. மாலை முப்பது.

அக்டோபர் 1, ஞாயிறு

"தண்ணி."

அவள் சொன்னாள். சொம்பைக் காட்டி, தண்ணி. நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அழுதேன். இதை ரெபேக்காவிடம் வாசிக்க மாட்டேன்.

மாலையில் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேறு ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்குத் தண்ணி. நாளைக்குச் சோறு, மாரி, வலி. ஒருநாள் எல்லாச் சொல்லும் வந்துவிடும். மாரீஸ்வரி கேட்பாள், இவள் சொல்வாள். பேச்சு வரட்டும் என்று நான் காளியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். அந்த நேர்ச்சையை முழு மனதோடு நேர்ந்தேனா என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 3, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை.

ஜூலை பத்தொன்பது காலை ஏழரை மணிக்கு நான் காபி போட்டுக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். பாயில், பாதி ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் மடியில் கிடந்தது. "காபி" என்றேன். முகத்தைத் திருப்பவில்லை. நானே இறங்கி வந்து காபி போட்டிருக்கிறேன், அதற்கும் மதிப்பில்லையா என்று கோபம் வந்தது. "இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கிருந்து அச்சகம். சங்கிலியோடு அரட்டை. பன்னிரண்டரைக்கு வந்தேன். அதே பாய், அதே இடம். காபி ஆடை கட்டிக் கிடந்தது. சரி, பதினோரு நாளை முறியடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பானையில் இருந்த பழைய சோற்றைப் போட்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று தட்டை ஓசைப்படுத்தி, அவள் கண் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவ எழுந்தபோதுதான் பாய் நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை.

டாக்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 12, வியாழன்

பெட்டி முடிந்தது. வெளிப்பக்கம் பச்சையும் மஞ்சளுமாக வயல் மாதிரி ஏதோ ஒன்று. மேலே சுருட்டிய காகிதப் பூக்கள். சுருட்டியது நான், ஒட்டியது அவள். ஒரு பூ மட்டும் கோணலாக இருக்கிறது, எடுக்க விடவில்லை. கையைத் தானாகவே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். இடது கையை மடக்கி விரித்தாள். கண்ணாடியில் வலது கை மடங்கி விரிந்தது. அவள் அதையே பார்த்தாள். நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். கட்டைவிரல் அசைந்தது. நெல் அளவுதான். ஆனால் அசைந்தது.

"இருக்கு சார், இருக்கு" என்றது ரெபேக்கா.

அக்டோபர் 15, ஞாயிறு

சொற்கள்: தண்ணி, சோறு, மாரி, போதும். இந்தா குறைந்துகொண்டு வருகிறது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது, இரண்டைச் சேர்க்க முடியவில்லை. ஆயுத பூஜைக்கு மாரீஸ்வரி வருகிறாள்.

அக்டோபர் 21, சனி

வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "அப்பாவா பூ சுருட்டுனது? நெசமாவா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். தங்கபுஷ்பம் அந்தக் கோணல் பூவைக் காட்டினாள். இரண்டு பேரும் என்னை வைத்துச் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. அவளுடைய கத்தரிக்கோல், பசைத் தூரிகை, என்னுடைய காகிதக் கத்தி, எல்லாவற்றையும் பலகையில் வைத்துச் சந்தனம் வைத்தோம். பயிற்சிப் பெட்டிக்கும் பொட்டு வைத்தாள் மாரீஸ்வரி. பிறகு பீரோவில் இடம் பண்ணுகிறேன் என்று ஆஸ்பத்திரி பைலை எடுத்தவள், அங்கேயே நின்று வாசித்தாள்.

"அப்பா, இதுல காலையில ஏழரைன்னு போட்டிருக்கு."

"தப்பா எழுதியிருப்பாங்க."

"ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒண்ணே முக்கால்னு போட்டிருக்கு. ஆறு மணி நேரம்பா. எப்படித் தப்பா எழுதுவாங்க?"

"கூட்டம். யார் சொன்னதை யாருக்கு எழுதுனாங்களோ."

அவள் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "அம்மா, நீ சொல்லு. அன்னைக்கு உனக்கு எப்பம்மா ஆச்சு?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். தங்கபுஷ்பத்தின் உதடு கோணியது, சேர்ந்தது, மறுபடி கோணியது. ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்தது.

"மத்தியானம்" என்றாள்.

அந்தச் சொல்லை நானும் ரெபேக்காவும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நான் போனில் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். மாரீஸ்வரி பைலை மூடினாள். "சாரிப்பா" என்று என்னிடம் சொன்னாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

மாரீஸ்வரி மாலை பஸ் ஏறினாள். பயிற்சி இல்லை.

அக்டோபர் 25, புதன்

காலையில் எழுந்ததிலிருந்து தங்கபுஷ்பம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணி இல்லை, போதும் இல்லை, இந்தாகூட இல்லை. ஏழரை மணிக்குக் காபியை அவள் முன்னால் வைத்தேன். எடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். கையை வைக்கவில்லை.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பிடித்துத் திருப்பி உதட்டைப் பார்த்தேன், இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"கோவமா, இல்ல உடம்பு முடியலையா?"

முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும். ஜூலை பத்தொன்பதாம் தேதி கேட்டிருந்தால் எட்டு மணிக்கு ஆட்டோ ஏறியிருப்போம்.

அவள் என்னையே பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"கோவம்" என்றாள்.

"அன்னைக்கு நடந்ததுக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு யோசித்து, அதற்கும்தான் என்பதுபோல் ஆட்டினாள். இடது கையை நீட்டி மேசை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளினாள். பெட்டியை எப்படி விளிம்புவரை தள்ளினாளோ அப்படியேதான், மெதுவாக, விடாமல்.

நான் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை.

"மாரி, அன்னைக்கு மத்தியானம் இல்லம்மா. காலையில. காபி குடுத்தேன், பேசல. கோச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேன். மத்தியானம் வந்தும் உடனே பாக்கல. அவ முன்னாடியே உக்காந்து சோறு தின்னேன். ஊசிக்கு நேரம் தாண்டுனது என்னாலதான். அம்மா பொய் சொன்னது எனக்காக."

போனை வைத்துவிட்டாளோ என்று எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள் கடைசியில். குரலே மாறியிருந்தது.

தங்கபுஷ்பத்தின் காதில் வைத்துப் பிடித்தேன். மாரீஸ்வரி அழுதுகொண்டே பேசினாள், அழுகை எனக்குக் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. என்னை எப்படி இத்தனை நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டாய் என்று கேட்டாளோ, வேறு என்ன கேட்டாளோ. தங்கபுஷ்பம் முழுவதையும் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாய் ஒரு தடவை திறந்து மூடியது. நான் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை, அவள் இழுக்கும்வரை காத்திருந்தேன்.

"இன்னைக்கிக் கேட்டாக" என்றாள். காலையில் நான் கேட்டதைத்தான் சொல்கிறாள்.

இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசியது இதுதான் முதல் தடவை. நாளைக்கு ரெபேக்கா வரும்போது இதை வாசிக்க வேண்டும்.